பிரேக்கைத் தொட்டால் வண்டி நின்றுவிடுமா?

அக்கா மகன் கார் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு வண்டியும் எடுத்த புதிது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நீண்ட பயணம் போனேன். பையனுக்குக் கை நன்றாகவே பழகியிருந்தது. கியர் மாறுவது தெரியவில்லை, வளைவுகளில் உடம்பு ஆடவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் எனக்கு வலது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஏனென்று அப்புறம்தான் உறைத்தது: என் பக்கம் இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

முன்னால் போன காரின் பின்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரம் பிய்ந்து காற்றில் படபடப்பதுகூட எனக்குத் தெரிந்தது. அத்தனை நெருக்கம். ஸ்பீடோமீட்டர் முள் 60ல் நின்றது. "டேய், கொஞ்சம் தள்ளி வாயேன்" என்றேன். "மாமா, போன வாரம்தான் பிரேக் பேட் மாத்தினேன். தொட்டா நிக்கும், பயப்படாதீங்க" என்றான்.

தொட்டால் நிற்கும். ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனத்தில் பிரேக் என்பது விளக்கு ஸ்விட்ச் மாதிரி ஒன்றுதான். அமுக்கினால் அணைந்துவிட வேண்டும். நிஜத்தில் பிரேக் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். தின்று முடிக்க அதற்கு ரோட்டில் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் 'நிற்கும் தூரம்' என்கிறார்கள். ஒட்டிக்கொண்டே போவது, போனைப் பார்ப்பது, தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது, வழுக்கை டயரோடு காலம் தள்ளுவது என்று நாம் மோசமான பழக்கங்களாகச் சொல்பவை தனித்தனித் தவறுகள் போலத் தெரியும். எல்லாம் கை வைப்பது இந்த ஒரே தூரத்தில்தான். அதனால் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், மற்றதற்கெல்லாம் தனித்தனியாக உபதேசம் கேட்க வேண்டியதில்லை.

நிற்கும் தூரத்துக்கு இரண்டு பாகம் உண்டு. ஆபத்து கண்ணில் பட்ட நொடியிலிருந்து கால் பிரேக்கை அழுத்தும் வரை வண்டி ஓடுகிற தூரம் முதல் பாகம். அழுத்திய பிறகு முழுதாக நிற்கும் வரை போகிற தூரம் இரண்டாவது. முதலாவது உங்களைப் பொறுத்தது. இரண்டாவது வண்டி, டயர், ரோடு இவற்றைப் பொறுத்தது. புது பிரேக் பேட் இரண்டாவது பாகத்தில்தான் ஏதாவது செய்ய முடியும். முதல் பாகத்தில் அதற்கு வேலையே இல்லை, ஏனென்றால் அப்போது பிரேக்கை யாரும் இன்னும் தொடவே இல்லை.

மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். கண் பார்த்து, மூளை 'அட, அது நிற்கிறது' என்று உணர்ந்து, கால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்கு மாற, கவனமாக ஓட்டுகிறவருக்கே ஒரு நொடி ஆகிவிடும். எதிர்பாராத நேரத்தில் ஒன்றரை நொடி ஆனாலும் ஆச்சரியமில்லை. ஆக, பிரேக் வேலையைத் தொடங்கும் முன்பே வண்டி 17 முதல் 25 மீட்டர் வரை அதே வேகத்தில் ஓடியிருக்கும். அதற்கப்புறம் நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் நிற்க இன்னும் 20 மீட்டர். ஒரு நொடி என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மொத்தம் 37 மீட்டர். நீளமான பஸ்கள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அந்த இடம் நிறையும். அன்றைக்கு எங்களுக்கும் அந்த ஸ்டிக்கருக்கும் நடுவில் இருந்தது ஐந்து மீட்டர் இருக்கலாம்.

50க்கும் 60க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

பத்து கி.மீ. கூடினால் என்ன ஆகிவிடும் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல்முறை போட்டுப் பார்த்தபோது விடையை நானே நம்பாமல் மறுபடியும் போட்டேன்.

இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில் போகின்றன. ஒன்று 50ல், இன்னொன்று 60ல். சரியாக இரண்டும் இணையாக வரும்போது, 28 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்குள் ஓடி வருகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், இருவருக்கும் ஒரு நொடி ஆகிறது, இருவரும் முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்கிறார்கள். 50ல் வந்த கார் குழந்தையை உரசுகிற மாதிரி வந்து நின்றுவிடுகிறது. 60ல் வந்த கார் குழந்தையை எட்டும்போது என்ன வேகத்தில் இருக்கும்?

பத்து என்று தோன்றும். பத்து கூடுதலாக வந்தது, பத்துதான் மிச்சம் இருக்க வேண்டும் என்று மனம் கழித்தல் கணக்குப் போடும். சரியான விடை 40.

அந்த ஒரு நொடியிலேயே 60ல் வந்தவர் மற்றவரைவிட மூன்று மீட்டர் கூடுதலாக ஓடிவிட்டார். பிரேக் பிடிக்க அவருக்கு மிச்சம் இருப்பது 11 மீட்டர். தேவைப்படுவது 20. பாதிக்கு மேல் இருக்கிறதே, வேகமும் பாதியாகியிருக்காதா என்றால், அங்கேதான் சூட்சுமம். பிரேக் பிடிக்கும்போது முதல் பாதி தூரத்தில் வேகம் கொஞ்சம்தான் குறையும். 60ல் தொடங்கினால், பாதித் தூரம் கடந்த பிறகும் வண்டி 42ல் போய்க்கொண்டிருக்கும். மிச்ச வேகம் முழுவதும் கடைசிப் பாதியில்தான் கரையும். அந்தக் கடைசிப் பாதியைத்தான் கூடுதல் வேகம் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

இதன் பின்னால் இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்த இயக்க ஆற்றல்தான். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அது கூடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. 30ல் ஐந்து மீட்டரில் நிற்கிற வண்டிக்கு 60ல் இருபது மீட்டர் வேண்டும், 100ல் 55 மீட்டர். மோதலின் பலத்தையும் இதே கணக்கில் பார்க்கலாம். 40ல் மோதுவது இரண்டாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 60 என்றால் நான்காவது மாடியையும் தாண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கவே கால் கூசுகிறவர்கள், அதைவிட உயரத்துக்குச் சமமான வேகத்தில் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டு மாற்றுகிறோம்.

இந்தப் பத்து கி.மீ. கூடுதலில் நமக்குக் கிடைப்பது என்ன? பத்து கி.மீ. பயணத்தை 60க்குப் பதில் 70ல் ஓட்டினால் மிச்சமாவது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட சிவப்பு விழாமல் இருந்தால்.

அந்த ஒரு நொடியை யார் திருடுகிறார்கள்?

வேகம் இரண்டு பாகத்தையும் நீட்டுகிறது. மற்ற பழக்கங்கள் பெரும்பாலும் முதல் பாகத்தை, அதாவது அந்த ஒரு நொடியை நீட்டுகின்றன. மது, தூக்கம், போன் மூன்றும் இந்த வகைதான். மதுவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், விடுவோம். தூக்கத்தில் ஒரு விசேஷம்: கண் சொக்குகிற அந்த மூன்று, நான்கு நொடி தூங்கியது தூங்கியவருக்கே தெரியாது. '5 கி.மீ. எப்படி வந்தோம் என்றே நினைவில்லையே' என்று எப்போதாவது தோன்றினால், அதுதான் வண்டியை ஓரம்கட்ட வேண்டிய நேரம். ஜன்னலைத் திறந்துவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைப் போக்காது. ஒரு இருபது நிமிடம் கண்ணை மூடினால்தான் போகும்.

போன் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு சமாதானம் உண்டு. ஒரே ஒரு பார்வைதான் என்பார்கள். மெசேஜ் யாரிடமிருந்து என்று பார்க்க இரண்டு நொடி என்றால், 60ல் அது 33 மீட்டர். அத்தனை தூரமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். 80ல் போகும்போது ஐந்து நொடி எடுத்து ஒரு வரி பதில் தட்டினால் 111 மீட்டர். கால்பந்து மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் யாராவது சம்மதிப்பார்களா?

அடுத்த சமாதானம் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, கண் ரோட்டில் இருக்கிறது, பின்னே என்ன? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காரோட்டும் அனுபவத்தைத் தரும் கருவியில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். போனில் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள் பிரேக் பிடிக்கத் தாமதித்தார்கள். போனைக் கையில் பிடித்திருந்தாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினாலும் வித்தியாசமே இல்லை. காரணம், கண் பார்த்தால் போதாது, மூளையும் பார்க்க வேண்டும். மூளை வீட்டுக் கடன் தவணையைப் பேசிக்கொண்டிருக்கும்போது, கண் முன்னால் எரிகிற பிரேக் லைட் வெறும் சிவப்பு வெளிச்சம்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது இதிலிருந்து கொஞ்சம் வேறு. ரோட்டில் நெருக்கடி வந்தால் அவரும் பார்க்கிறார், தானாக வாயை மூடிக்கொள்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது.

ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு

சரி, எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஓடுகிற வண்டியிலிருந்து 37 மீட்டரைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. அதனால்தான் பல நாடுகளில் தூரத்தை நேரமாக மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு நொடி விதி என்று பெயர். முன் வண்டி ஏதாவது ஒரு கம்பத்தையோ, பாலத்தின் நிழலையோ கடக்கும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால், ஒட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். இந்த விதியின் அழகு, எந்த வேகத்துக்கும் இதே எண்ணிக்கைதான். வேகம் கூடினால் இரண்டு நொடிக்குள் அடங்கும் மீட்டர்களும் தாமாகக் கூடிவிடும்.

கணக்கில் கெட்டிக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 60ல் இரண்டு நொடி என்றால் 33 மீட்டர்தானே, நிற்க 37 வேண்டும் என்றீர்களே? நியாயமான கேள்வி. முன் வண்டியும் பிரேக் பிடித்துத்தான் நிற்கிறது. அதற்கும் 20 மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டின் பிரேக்கும் ஒரே மாதிரி என்றால், உங்களுக்குத் தேவைப்படுவது நீங்கள் சுதாரிக்கும் நேரமும் மேலே கொஞ்சம் கையிருப்பும்தான். இரண்டு நொடி அதற்குப் போதும். ஆனால் முன் வண்டி எதன்மீதாவது மோதி அப்படியே நின்றால் இந்தக் கணக்கு செல்லாது. சங்கிலித்தொடராகப் பத்து வண்டிகள் மோதிக்கொள்வது அப்படித்தான். எனவே இரண்டு நொடி என்பது குறைந்தபட்சம். மழையில் நான்கு. ஒரு டயர் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை நிறுத்த நம்மிடம் இருப்பது நான்கு உள்ளங்கை. அதற்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் பிடிமானம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான். தேய்ந்த டயர் காய்ந்த ரோட்டில் சமாளித்துவிடும், மழையில் காலை வாரிவிடும்.

இதைச் சொன்னவுடன் அக்கா மகன் கேட்டதும், எல்லோரும் கேட்பதும் ஒன்றுதான்: "இடம் விட்டா நடுவுல எவனாவது பூந்துடுவான் மாமா." புகுவான்தான். புகுந்தால் காலைக் கொஞ்சம் எடுங்கள், மறுபடி இரண்டு நொடி உண்டாகிவிடும். உங்களுக்கு நஷ்டம் அந்த இரண்டு நொடி. ஒரு பயணத்தில் இருபது பேர் புகுந்தாலும் வீட்டுக்கு நாற்பது நொடி தாமதமாகப் போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான். உண்மையில் நம்மை உறுத்துவது அந்த நாற்பது நொடி இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டோமே என்கிற எரிச்சல். அதற்கு நானும் விதிவிலக்கல்ல.

உங்கள் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால்? கோபத்தில் சடாரென்று பிரேக் தொட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு; அதைவிட முட்டாள்தனம் இல்லை. உங்கள் முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் மெதுவாக, முன்கூட்டியே பிரேக் பிடிக்கலாம். பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து நீங்களே இடம் விட்டதாக ஆகிவிடும். வழி கிடைத்தால் அவரை முன்னே போகவிட்டுவிடலாம்.

லாரிக்காரர் விட்டுவைத்திருக்கும் இடைவெளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனரக வண்டிகளில் இருப்பது காற்று பிரேக். மிதித்த பிறகு காற்று குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கவே ஏறக்குறைய அரை நொடி ஆகும். 60ல் அதுவே எட்டு மீட்டர். சுமை ஏற்றிய லாரி நிற்கவும் காரைவிட அதிக தூரம் எடுக்கும். அது தெரிந்துதான் அனுபவமுள்ள ஓட்டுநர் முன்னால் அத்தனை இடம் விட்டு வருகிறார். நாம் அதைக் காலி இடம் என்று நினைத்துச் சட்டென்று நுழைந்துவிடுகிறோம். அந்த இடம்தான் அவருடைய பிரேக்கே. போதாக்குறைக்கு, அவர் முன்பக்கத்தை ஒட்டி நுழைந்த சின்ன வண்டி அவர் கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். பக்கவாட்டிலும் பின்னாலும் இதே கதைதான்: லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

பைக் ஓட்டுகிறவர்களிடம் ஊறிப்போன பழக்கம் வேறு. முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவைக்க, வாழ்நாள் முழுக்கக் கால் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுவார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது நின்று வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி சீராக அழுத்த வேண்டும், வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. மணலிலும் வளைவிலும் மட்டும் முன் பிரேக்கில் மிக மென்மையாகக் கை வைக்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் குறைந்த வேகத்தில் பத்து முறை பழகினால் பயம் போய்விடும்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1978 வாக்கில் கார்களுக்கு வந்த இந்த ஏற்பாடு, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்கிறது. பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடிவதுதான் அதன் பெரிய லாபம். இயற்பியலை மாற்றி 37 மீட்டரைப் பத்தாக்கிவிடாது. அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடிக்கும். பழக்கமில்லாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார். எடுக்கக் கூடாது, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இரவுக்கு ஒரு சின்னக் கணக்கு: லோ பீம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவது சுமார் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80ல் போனால் நிற்கவே 57 மீட்டர் வேண்டும்.

ஒன்றும் ஆகவில்லையே

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஏன் யாரும் மாறுவதில்லை? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2021ல் மட்டும் உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் சுமார் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு அடுத்த நாள் நாம் ஓட்டுகிற விதம் மாறுவதில்லை. காரணம் அலட்சியம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுப்பைத் தொட்டால் உடனே சுடும், அதனால் ஒரே நாளில் பாடம். ஐந்து மீட்டர் இடைவெளியில் ஓட்டினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கும் ஆகாது. முன்னால் போகிறவர் சடாரென்று நிற்காத ஒவ்வொரு நாளும், நாம் ஓட்டுவது சரிதான் என்று ரோடே நமக்குத் தட்டிக்கொடுக்கிறது. பத்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறேன் என்கிறவர் நல்ல ஓட்டுநராக இருக்கலாம். முன்னால் போனவர்கள் எல்லோரும் நல்ல ஓட்டுநர்களாகவும் இருந்திருக்கலாம். எது என்று அவருக்கே தெரியாது.

இடைவெளியால் விபத்து குறைவது ஒருபுறம் இருக்க, நெரிசலும் குறைகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, சீராக 30 கி.மீ. வேகத்தில் சுற்றச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வருகிறவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகிவிட்டது. ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இடைவெளி போதாமல் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க, அந்தப் பிரேக் அலையாகப் பின்னோக்கிப் பரவி சில கார்கள் முழுதாகவே நின்றுவிட்டன. 2008ல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகுதான், காரணமே இல்லாமல் நின்று நின்று போகும் ரோடுகளின் மர்மம் எனக்கு விளங்கியது. போதிய இடம் விட்டு வருகிறவர் அந்த அலையைத் தன் இடைவெளிக்குள் விழுங்கிவிடுகிறார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மருமகப்பிள்ளையைக் கம்பம் பார்த்து எண்ணச் சொன்னேன். முதல் முறை 'ஆயிரத்து' என்று தொடங்கும்போதே கம்பம் போய்விட்டது. சிரித்தான். காலைக் கொஞ்சம் எடுத்தான். நாலைந்து கம்பங்களில் 'ஆயிரத்து இரண்டு' வரை வந்துவிட்டான். ஸ்டிக்கர் படிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டது, முன் காருக்கு முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் தெரிய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் இண்டிகேட்டர்கூடப் போடாமல் சர்ரென்று நடுவில் புகுந்தது. "சொன்னேன்ல மாமா" என்றான். வாய்க்குள் என்னவோ திட்டினான். அப்புறம் காலை எடுத்துவிட்டு, அடுத்த கம்பத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தான்.